கடதாசி அட்டைக்கு இவ்வளவு பணமா?

போக்கிமொன் அட்டை வாங்குவது முதலீடா, விளையாட்டா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். கணக்காளர் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அட்டையின் விலை அச்சுச் செலவில் இல்லை. அதன் அருமையில்தான் இருக்கிறது. 'பிகாச்சு இலஸ்ட்ரேட்டர்' அட்டை 1998இல் யப்பானில் ஓவியப் போட்டிப் பரிசாகக் கொடுக்கப்பட்டது, கடைக்கு வரவேயில்லை. இருப்பவை சுமார் நாற்பதே. தர நிர்ணயத்தில் 10 புள்ளி பெற்ற ஒன்றை 2021இல் லோகன் போல் 52,75,000 அமெரிக்க டொலர் பெறுமதிக்கு வாங்கினார்.

நமது ஒன்ராறியோவிலும் உதாரணம் உண்டு. லண்டன் நகரின் ஓ-பீ-சீ நிறுவனம் 1979இல் வெளியிட்ட வேய்ன் கிரெட்ஸ்கி ஹொக்கி அட்டையில், விளிம்பு சீராக வெட்டுப்பட்ட பிரதிகள் அரிது. அப்படி 10 புள்ளி பெற்ற ஒன்று 2021 மே மாதம் 37,50,000 அமெரிக்க டொலருக்கு விலைபோனது.

இன்னொரு காரணம் நினைவு. அன்று கைச்செலவுக் காசில் அட்டை சேர்த்த பிள்ளைகள் இன்று உழைக்கிறார்கள். இழந்த சிறுபராயத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் இன்று கடையில் கிடைக்கும் பொதியை நிறுவனம் விரும்பியபோது மீண்டும் அச்சிடலாம். அருமை அங்கே இல்லை. சொந்த அட்டையை ஆயிரம் டொலருக்கு மேல் விற்றால் இலாபத்துக்கு வரி வரலாம். நட்டத்தையோ பொதுவாகக் கழிக்க முடியாது. தொடர்ந்து வாங்கி விற்றால் அது வியாபார வருமானம்.

பிள்ளையின் பதிவுசெய்த கல்விச் சேமிப்பில் ஆண்டுக்கு 2,500 டொலர் போட்டால் அரசாங்கம் 500 டொலர் சேர்க்கிறது. முதலில் அதை நிரப்புங்கள். மிஞ்சிய காசில், பிள்ளையின் மகிழ்ச்சிக்காக அட்டை வாங்குங்கள்.