மலைமேல் ஒரு குரல், மனைதோறும் ஒரு துணை

மதுரையைச் சூழ்ந்துள்ள சமவெளியில் பொழுது புலர்கின்ற வேளை. மல்லிகைத் தோட்டத்தில் இருளிலேயே மொட்டுப் பறிக்கத் தொடங்கிய பெண்கள் மடியை அவிழ்த்துக் கூடையில் கொட்டுகின்றனர். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் செல்லும் வண்டி சாலையோரம் காத்து நிற்கிறது. அருகிலுள்ள தேநீர்க் கடையில் பால் பொங்குகிறது. உசிலம்பட்டியிலிருந்து புறப்பட்ட முதற் பேருந்து அவ்வழியே வந்து நிற்கிறது. வண்டியிலும், கடையிலும், பேருந்திலும் ஒரே பாடல் ஒலிக்கிறது. ஒருவரையொருவர் அறியாத நூறு பேர் ஒரே நொடியில் ஒரே குரலைக் கேட்கின்றனர். இதனை நடத்திக் காட்டுவது கம்பியில்லாத ஓர் அலை. அதற்குப் பண்பலை என்று பெயர்.

எளிய மக்களின் வீட்டில் ஏறக்குறைய உறவினரைப் போல் இடம் பெற்றுவிட்ட இப்பண்பலை வானொலியைப் பற்றி இவ்விதழில் சிறிது சிந்திப்போம். நாள்தோறும் கேட்கும் ஒன்றைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை அல்லவா?

அலை வரும் வழி

நம் பகுதியில் பண்பலை என்றதும் பலர் நினைவுக்கு முதலில் வருவது கொடைக்கானல் வானொலியே. 1990களில் தொடங்கிய இந்நிலையத்தைக் 'கோடைப் பண்பலை' என்று நேயர்கள் அன்போடு அழைக்கின்றனர். அதன் அலைவரிசை 100.5 மெகாஹெர்ட்ஸ், ஒலிபரப்பியின் ஆற்றல் 10 கிலோவாட். மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களோடு நில்லாமல், திருச்சி, கரூர், புதுக்கோட்டை வரையிலும் இதன் ஒலி சென்று சேர்கின்றது. ஒரு மலையூரின் நிலையம் இத்தனை மாவட்டங்களுக்கு எவ்வாறு எட்டுகிறது?

விடை மலையின் உயரத்தில் உள்ளது. பண்பலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வது. கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்றால் கண்ணுக்கு எவ்வளவு தொலைவு தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவு தொலைவும் அதற்குச் சற்று மேலும் அந்த அலை போகும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரத்தின் தொடுவானம் ஏறக்குறைய 36 கிலோமீட்டர்தான். கொடைக்கானலோ கடல் மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டர் அளவில் உள்ளது. அங்கிருந்து தொடுவானம் 160 கிலோமீட்டர் தள்ளிப் போகின்றது. மதுரை நேர்க்கோட்டில் 80 கிலோமீட்டர் தொலைவிலும், திருச்சி 145 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளமையால் இரண்டும் அதன் பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. இடையில் வேறொரு குன்று குறுக்கிட்டால் மட்டும் அதன் நிழலில் ஒலி மங்கும்.

ஒலியின் தெளிவுக்கும் காரணம் உண்டு. பழைய மத்திய அலை ஒலிபரப்பில் அலையின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலியை ஏற்றி அனுப்புவர். மின்னல் வெட்டினாலும், பக்கத்து வீட்டு நீரேற்றும் மோட்டார் ஓடினாலும் அந்த உயரம் சிதைந்து கரகரப்பு எழும். பண்பலையில் அலையின் உயரம் மாறுவதில்லை. ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே நுட்பமாக மாற்றப்படுகிறது. 100.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்துக் கோடியே ஐந்து லட்சம் அதிர்வுகள். இம்முறைக்கு 1933இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். நம் நாட்டில் சென்னை வானொலி 1977 ஜூலையில் முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பை மேற்கொண்டது.

பாட்டைத் தேடிய காலம்

இன்று விரல் நுனியில் பாட்டுக் கிடைக்கிறது. ஒரு காலத்தில் நம் பெரியோர் பாட்டைத் தேடிக் கடல் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது. 1952இல் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுப்பன என்று அவர் கருதியமையால் அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் சுருங்கியது. நேயர்கள் வானொலியை விட்டுவிட்டார்களா? இல்லை, முள்ளைத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலி தமிழகத்தின் வீடுகளுக்குள் நுழைந்தது. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் தெளிந்த தமிழைக் கேட்டுத் தம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. நிலைமையை உணர்ந்த அரசு, 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி என்னும் பல்சுவை ஒலிபரப்பைத் தொடங்கியது. மக்கள் விரும்பாததைத் திணித்தால் அவர்கள் எழுந்து போய்விடுவர் என்னும் பாடத்தை அரசும் கற்றுக்கொண்டது.

மக்கள் விரும்புவதை மட்டுமே தருவது போதுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை சொல்ல ஒரு நெல் உண்டு. 1960களின் பிற்பகுதியில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் பரவியது. அதன் விதைப்பும் உரமும் பற்றித் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பில் கேட்டே பயிரிட்ட உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் சூட்டினர். பாட்டுக்காகப் பெட்டியை வாங்கினார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிடைத்த செய்தி வயலில் விளைந்தது. வேளாண் ஒலிபரப்பில் பணியாற்றிய தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியின் வழியே பின்னாளில் தமிழகம் முழுவதையும் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். சில நிமிடப் பேச்சுக்காகப் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையும் அலுவலகம் செல்லும் தந்தையும் வாசலில் நின்றனர்.

நம் ஊருக்கு ஒரு நிலையம்

நெடுங்காலம் திருச்சி, திருநெல்வேலி நிலையங்களையே நம்பியிருந்த மதுரைக்கு 1987இல் சொந்த வானொலி நிலையம் வாய்த்தது. லேடி டோக் கல்லூரிச் சாலையிலுள்ள அந்நிலையம் 103.3 பண்பலையிலும் பின்னர் ஒலிக்கலாயிற்று. எம். எஸ். சுப்புலட்சுமியும் டி. எம். சௌந்தரராஜனும் பிறந்த நகருக்கு ஒரு நிலையம் சற்றுத் தாமதித்தே வந்தது எனலாம். கோடைப் பண்பலையின் பாட்டு இறங்கிச் செல்லும் தேனி மாவட்டத்தில்தான் இளையராஜாவின் பண்ணைப்புரம் இருக்கின்றது.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து. அவை அரசின் தனியுரிமை அல்ல என்பதே அதன் சாரம். அதன்பின் தனியார் நிலையங்களுக்குக் கதவு திறந்தது. 2005இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் கட்டக் கொள்கையைத் தொடர்ந்து மதுரையிலும் சூரியன் 93.5, ரேடியோ மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 ஆகியவை ஒலிக்கத் தொடங்கின. மதுரைப் பேச்சுவழக்கே வானொலியில் ஏறியது. ஆயினும் இந்நிலையங்களுக்கு ஒரு வரம்பு உண்டு: சொந்தமாகச் செய்தி தொகுத்து வழங்க அவற்றுக்கு இசைவு இல்லை. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, குடிநீர் வழங்கல் போன்ற உள்ளூர்த் தகவல்களைச் சொல்லலாம். ஆகவே பாட்டும் பேச்சுமே அவற்றின் முதலீடு.

ஒரு மணி நேரம் உருவாகும் விதம்

நிகழ்ச்சி தயாரிப்பவர் ஒரு நாளை வீட்டின் கடிகாரத்தைக் கொண்டே பிரிக்கின்றார். காலையில் அவசரம் மிகுதி. ஆகவே பேச்சுச் சுருக்கம், நேரம் அடிக்கடி அறிவிக்கப்படும். பத்து மணிக்குமேல் வீட்டில் இருப்பவர்களுக்கும் தையற்கடை, பட்டறைத் தொழிலாளர்களுக்கும் உரிய நேரம். மாலையில் வேலை முடிந்து திரும்புவோர். இரவில் பழைய மெல்லிசை. ஒரு பாடல் நான்கைந்து நிமிடம். விளம்பரமும் பேச்சும் போக மணிக்குப் பத்துப் பாடல்கள் ஒலித்தால் அதிகம். அந்தப் பத்து எவை என்பதில்தான் நிலையத்தின் உள்ளம் தெரிகிறது.

அரசு வானொலியின் காலைப் பக்திப் பாடல்களை எண்ணிப் பாருங்கள். சீர்காழி கோவிந்தராசனும், நாகூர் ஹனிஃபாவும், கிறிஸ்தவப் பாடகர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். எந்த வீட்டிலும் தம் மதப் பாட்டு முடிந்தவுடன் பெட்டியை நிறுத்திவிடவில்லை. அண்டை வீட்டாரின் வழிபாட்டை மரியாதையோடு கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் எவரும் போதியாமலே கற்றனர். வரிசைப்படுத்திய ஒரு கை செய்த நற்பணி அது.

இன்று பல இடங்களில் கணிப்பொறியே பாடல்களைத் தேர்ந்து வரிசைப்படுத்துகிறது. அது பிழையன்று. ஆயின் எங்கோ ஒரு பெருநகரில் முடிவு செய்த பட்டியல் எல்லா ஊருக்கும் அனுப்பப்படும்போது, மதுரைக்கும் மற்றோர் ஊருக்கும் வேறுபாடு மறைகிறது. புதிய பாடல்கள் சிலவே திரும்பத் திரும்ப வருகின்றன. சிரிப்பூட்டுவதற்காக அறியாதவரைத் தொலைபேசியில் அழைத்து ஏமாற்றுவதும், இரட்டைப் பொருளில் பேசுவதும் நகைச்சுவையென்று கருதப்படுகின்றன. குழந்தைகளோடு அமர்ந்து கேட்கும் பெற்றோர் முகம் சுளித்துப் பெட்டியை அணைக்க நேர்வதும் உண்டு.

ஒரு மூதாட்டியின் கேள்வி

எங்களுக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் தனியே வசிக்கின்றார். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன; மகன் வெளிநாட்டில். வீட்டில் கடிகாரம் ஓடாவிட்டாலும் அவருக்குக் கவலை இல்லை. பக்திப் பாட்டு முடிந்தால் அடுப்பு மூட்டுவார். செய்தி தொடங்கினால் உலையில் அரிசி இடுவார். சென்ற முறை வந்த மகன், ஆயிரக்கணக்கான பாடல்கள் கிடைக்கும் கைப்பேசி ஒன்றை வாங்கித் தந்தான். நான்கு நாள் பயன்படுத்திவிட்டு மீண்டும் பழைய வானொலிப் பெட்டிக்கே திரும்பினார். காரணம் கேட்டோம். இந்தப் பேசி 'உனக்கு என்ன வேண்டும்' என்று என்னையே கேட்கிறது. அந்தப் பெட்டியிலோ எனக்கு முன்னே விழித்து யாரோ ஒருவர் காத்திருக்கிறார் என்றார்.

ஒரு நாள் காலை நாங்கள் அவ்வழியே சென்றபோது அவர் கலங்கியிருந்தார். அன்று விடியலிலிருந்து பாடல்கள் மட்டுமே வந்தனவாம். நாள்தோறும் வணக்கம் சொல்லும் பெண்குரல் வரவில்லையாம். "அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு ஏதும் ஆகியிருக்குமோ?" என்று எங்களைக் கேட்டார். அன்று அந்நேரத்தைப் பொறியிடம் விட்டிருக்கக்கூடும். முகம் அறியாத ஒருத்திக்காக அவர் அன்று கவலைப்பட்டார். அந்தப் பெண்ணுக்கோ இப்படியொரு மூதாட்டி இருப்பதே தெரியாது.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. பாட்டை எந்தக் கருவியும் தரும். நம் ஊரை அறிந்த ஒரு மனிதக் குரல், நாம் கேட்காமலேயே நம்மை நாடி வருவதுதான் வானொலியின் கொடை. அது நின்றுபோனால் பாட்டு நிற்காது, துணை நின்றுபோகும்.

2018 நவம்பரில் கஜா புயல் வீசி மின்கம்பங்கள் சாய்ந்தபோது, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசிகளும் ஓய்ந்தன. அத்தகைய நேரத்தில் இரண்டு மின்கலம் போட்ட சிறு பெட்டியின் அருமை புரியும். 2023இல் மத்திய அரசும், கைப்பேசிகளில் பண்பலை வசதி தடையின்றி இருக்க வேண்டுமென்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

நாம் செய்யத்தக்கது

நாம் வெறும் செவிகள் அல்லோம், அலைகளின் உரிமையாளர்கள். எனவே நல்ல நிகழ்ச்சியைக் கேட்டால் நிலையத்துக்கு ஒரு கடிதமேனும் எழுதுவோம். தகாத பேச்சைக் கேட்டாலும், இன்ன நாள், இன்ன நேரம் என்று குறித்துக் கண்ணியமாக எழுதுவோம். பாராட்டும் குறையும் வராத இடத்தில் விளம்பரதாரரின் விருப்பமே சட்டமாகும். நம் மாணவர்களை உள்ளூர் நிலையத்தின் இளைஞர் நிகழ்ச்சிகளில் பங்கேற்க அனுப்புவோம். இலாப நோக்கற்ற அமைப்புகள் சமுதாய வானொலி நடத்த 2006இலேயே அரசு வழி திறந்தது. அதில் பாதி அளவேனும் அவ்வூர் மக்களின் பங்களிப்போடு உருவாக வேண்டும் என்பது விதி. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கிய அண்ணா பண்பலை இதற்கு முன்னோடி.

எல்லாவற்றிலும் எளியது ஒன்றுண்டு. நாளில் அரை மணி நேரமாவது வீட்டார் அனைவரும் ஒரே பெட்டியைச் சுற்றி அமர்வோம். ஆளுக்கொரு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டைக் கேட்கும் வீட்டில், தாத்தாவுக்குப் பிடித்த பாட்டு எதுவென்று பேரனுக்குத் தெரிவதில்லை. பொதுவான பாட்டில்லாத வீட்டில் பொதுவான பேச்சும் குறைந்துபோகும்.

தெருக்கோடியில் தனித்திருக்கும் முதியவர் வீட்டில் வானொலி ஒலித்தால் ஒரு நொடி நின்று கேளுங்கள். ஒலிக்காவிட்டால் கதவைத் தட்டுங்கள். மலைமேலிருந்து வரும் குரல் அதுவரைதான் வரும். உள்ளே சென்று நலம் விசாரிக்க வேண்டியவர் நாமே.