வெப்பம் மாற்றும் தட்டுக் கருவி: பாலுக்கு எது, தண்ணீருக்கு எது?

கறவை மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தினமும் 500 லிட்டர் பால் கறக்கிறோம். பல்க் கூலர் வாங்கியபின் மின் கட்டணம் ஏறிவிட்டது. பழைய ஏ.சி. சாமான் விற்கும் கடையில் எவர்சில்வர் தகடுகளாலான வெப்பப் பரிமாற்றி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கிணற்றுத் தண்ணீரை ஒரு பக்கமும் பாலை மறுபக்கமும் விட்டால் பால் பாதி ஆறிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?"

அவர் சொல்லும் கருவி செம்பு வைத்து பிரேசிங் செய்த தட்டு வெப்பப் பரிமாற்றி. வாங்கலாம், ஆனால் பாலை அதற்குள் விடக் கூடாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, கருவி வேலை செய்யும் விதத்தை முதலில் பார்ப்போம்.

கொதித்த பாலைச் செம்பிலேயே வைத்தால் நெடுநேரம் ஆறாது. அகன்ற தாம்பாளத்தில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். பால் அதேதான், பரப்புதான் கூடியிருக்கிறது. தாம்பாளத்தின் அடியில் குளிர்ந்த தண்ணீர் ஓடினால் இன்னும் விரைவாக ஆறும். இப்படிப் பல தாம்பாளங்களை நெருக்கமாக அடுக்கி, ஒன்றுவிட்டு ஓர் இடுக்கில் பாலும் மற்ற இடுக்குகளில் தண்ணீரும் ஓடச் செய்வதுதான் தட்டு வெப்பப் பரிமாற்றி. இரண்டும் கலப்பதில்லை. நடுவிலுள்ள மெல்லிய தகட்டின் வழியாகச் சூடு மட்டும் கடந்து போகிறது.

இதை முதலில் வெற்றிகரமாகச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன், ஆண்டு 1923. பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்கும் வேலைக்காகவே அது உருவாயிற்று. அந்தக் கருவியில் தகடுகளுக்கு இடையே ரப்பர் காஸ்கெட் இருக்கும். முன்னும் பின்னும் கனமான இரும்புச் சட்டம் வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். போல்ட்டைக் கழற்றினால் தகடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவலாம்.

பிரேசிங் செய்த வகை 1970களில் சுவீடனில் வந்தது. இதில் போல்ட்டும் இல்லை, ரப்பரும் இல்லை. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள எவர்சில்வர் தகடுகளில் மீன் முள் போன்ற வரிகளை அழுத்தி, ஒவ்வொரு தகட்டுக்கும் இடையில் காகிதம் போன்ற செம்புத் தாளை வைத்து அடுக்குகிறார்கள். ஒரு தகட்டின் வரி மேல் நோக்கினால் அடுத்ததன் வரி கீழ் நோக்கும். இந்த அடுக்கைக் காற்று நீக்கிய உலையில் ஏறக்குறைய 1100 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேற்றுகிறார்கள். செம்பு 1085 டிகிரியில் உருகும். எவர்சில்வர் உருக ஏறக்குறைய 1400 டிகிரி வேண்டும். எனவே தகடு அப்படியே நிற்க, செம்பு மட்டும் உருகி, வரிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்கெல்லாம் ஓடி ஒட்டிக்கொள்கிறது. பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதும் இதே முறைதான். ஆறியபின் முழுக் கருவியும் ஒரே கட்டியாகிவிடுகிறது. வெளியே தெரிவது நான்கு குழாய் வாய்கள் மட்டுமே.

அரை மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள 30 தகடுகள் அடுக்கிய கருவியை ஒருவர் தூக்கிச் செல்லலாம். ஆனால் உள்ளே சூடு மாறும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர். வரிகளில் மோதி மோதி ஓடுவதால் திரவம் சுழன்று கலங்குகிறது. சூடும் விரைவில் மாறுகிறது. இரண்டு திரவங்களையும் எதிரெதிர்த் திசையில் ஓட விடவேண்டும். ஒரே திசையில் இணைத்துவிட்டால் பலன் வெகுவாகக் குறையும். குழாய் மாற்றிப் போடுவது பிட்டர்கள் செய்யும் சாதாரணத் தவறு; பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவும்.

இனி பாலுக்கு வருவோம். தகடுகளுக்கு இடையே உள்ள சந்து இரண்டு மில்லிமீட்டர் அளவே. பால் ஓடிய இடத்தில் கொழுப்பும் புரதமும் உப்பும் படியும். ரப்பர் வைத்த கருவியானால் திறந்து பார்த்துத் தேய்க்கலாம். செம்பு வைத்து ஒட்டியதைத் திறக்க வழியே இல்லை. மருந்துத் தண்ணீரை ஓட்டிக் கழுவினாலும், எங்காவது ஒரு மூலையில் படிவு நின்றுவிட்டதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்தப் படிவில் கிருமி வளரும். மறுநாள் அதன் வழியே வரும் பால் முழுவதையும் அது கெடுக்கும். இளஞ்சூட்டுப் பாலில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமிகள் உண்டு. மூன்று மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். பாலை 4 டிகிரிக்குக் குளிர வைப்பதே இந்தப் பெருக்கத்தை அடக்கத்தான். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போய் 500 லிட்டரும் திரும்பி வந்தால் யார் ஈடு கட்டுவது?

இன்னொரு காரணம் செம்பு. மிகச் சிறிய அளவு செம்பு பாலில் இறங்கினாலும் கொழுப்பு கெட்டு, காறல் வாசனை வரும். வெண்ணெய், நெய் எடுப்பவர்களுக்கு இது பெரிய நஷ்டம். ஆகவே பாலுக்கு ரப்பர் காஸ்கெட் வைத்த, கழற்றக்கூடிய, உணவுப் பொருளுக்கென்றே செய்த கருவிதான் ஏற்றது.

அதை வாங்கினாலாவது மின்சாரம் பாதியாகுமா? வெளிநாட்டு விளம்பரங்களில் அப்படிப் போட்டிருக்கும். அங்கே நிலத்தடி நீர் 10, 12 டிகிரியில் கிடைக்கிறது. நம் சமவெளியில் கிணற்று நீர் 27, 28 டிகிரி. கூலருக்கு வரும் பால் 35 டிகிரி என்று கொண்டால், கிணற்று நீரால் அதை 30 டிகிரி வரையே இறக்கலாம். 35லிருந்து 4 வரை மொத்தம் 31 டிகிரி இறங்கவேண்டும். அதில் 5 டிகிரி மிச்சம். அதாவது ஆறில் ஒரு பங்கு. மோசமில்லை, ஆனால் பாதி அல்ல. உதகை, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் மிச்சம் கூடுதல். பாலைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் ஓடவேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும். அந்த நீரைக் கீழே விடாமல் மாட்டுத் தொட்டிக்கும் தீவனப்புல் வயலுக்கும் திருப்பிவிடலாம்.

அப்படியானால் செம்பு வைத்த கருவியின் இடம் எது? வாசகரின் பண்ணையிலேயே அதற்கு நல்ல வேலை இருக்கிறது. பாலிலிருந்து எடுத்த சூடு எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் குழாய் தொட முடியாத அளவு சுடும். அந்தச் சூட்டைக் கண்டென்சர் விசிறி வெளியே ஊதித் தள்ளுகிறது. அதே நேரத்தில், பக்கத்துக் கொட்டகையில் கேன் கழுவ வெந்நீர் போடுவதற்கு விறகோ மின்சாரமோ செலவாகிறது!

கம்ப்ரஸருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் இந்தக் கருவியை இணைத்து, ஒரு பக்கம் சூடான வாயுவையும் மறுபக்கம் தண்ணீரையும் விட்டால், வீணாகும் சூட்டில் ஒரு பகுதி தண்ணீருக்கு வந்துவிடும். 500 லிட்டர் பாலை 31 டிகிரி குளிர்விக்கும்போது வெளியேறும் சூடு ஏறக்குறைய 15,000 கிலோ கலோரி. அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தாலும் 100 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் 28லிருந்து 55 டிகிரிக்கு ஏறும். கேன்களும் கறவை இயந்திரமும் கழுவ இதைவிடச் சூடு தேவையென்றால், மீதியை மட்டும் ஹீட்டரில் ஏற்றினால் போதும். வாயுவின் அழுத்தத்தை இந்தக் கருவி நன்றாகத் தாங்கும், ஏ.சி. தொழிலில் இது பரவியதே அதனால்தான்.

தண்ணீரை ஐஸ் போலக் குளிர வைத்து, அதைக் கொண்டு பாலை ஆற்றும் அமைப்பிலும் இக்கருவியைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே ஓர் ஆபத்து உண்டு. பம்பு நின்று தண்ணீர் ஓடாமல் போனால், உள்ளே அது உறைந்துவிடும். உறையும் தண்ணீர் விரிந்து தகட்டைக் கிழிக்கும். தண்ணீர் வாயுப் பக்கம் புகுந்து கம்ப்ரஸர் வரை போய்விடும். தண்ணீர் ஓட்டம் நின்றதும் கம்ப்ரஸரை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் இப்படி அமைக்கவே கூடாது. உறையாத திரவம் சேர்ப்பதானால் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்க்கவும். எத்திலீன் கிளைக்கால் விஷம். பால் பண்ணைக்குள் அது வேண்டாம்.

அம்மோனியா ஓடும் பெரிய குளிர்விப்பு நிலையங்களுக்குச் செம்பு வைத்த கருவி ஆகாது. அம்மோனியா செம்பை அரித்துவிடும். அங்கே நிக்கல் வைத்து ஒட்டியதைப் போடுகிறார்கள்.

நம் ஊருக்கு முக்கியமானது தண்ணீரின் தன்மை. ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர், சூடேறியதும் சுண்ணாம்பாகப் படியும். வெந்நீர் வருவது குறைந்தாலோ தண்ணீர் மெதுவாக வந்தாலோ படிவு சேர்கிறது என்று பொருள். முழுதும் அடைபடும் வரை காத்திருக்கக் கூடாது. 5 சதவீத பாஸ்பாரிக் அமிலக் கரைசலைச் சிறு பம்பு மூலம் எதிர்த்திசையில் சுற்ற விட்டு, பிறகு சமையல் சோடா கரைத்த நீராலும், கடைசியில் நல்ல தண்ணீராலும் அலசவும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவோர் உண்டு. அது எவர்சில்வரையே ஓட்டை போடும். கடற்கரை ஓரத்து உவர் நீரும் நாளடைவில் அதே வேலையைச் செய்யும். அங்கே இந்தக் கருவியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மணலும் பாசியும் புகாமல் தண்ணீர் நுழையும் வாயில் வடிகட்டி கட்டாயம் இருக்கவேண்டும்.

பழைய கருவியை வாங்குவது பற்றி: உள்ளே ஓட்டை இருந்தால் வெளியே தெரியாது. பழுது பார்க்கவும் முடியாது. ஏ.சி. மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய், ஒரு பக்கத்தின் இரண்டு வாய்களையும் அடைத்து நைட்ரஜன் வாயுவை ஏற்றி, கருவியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்க்கச் சொல்லவும். மறுபக்கத்து வாய் வழியாகக் குமிழி வந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். புதியது வாங்குவோர், தினமும் கறக்கும் பாலின் அளவு, கம்ப்ரஸரின் திறன், அதில் ஓடும் வாயுவின் பெயர், தண்ணீரின் உப்புப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை எழுதி எடுத்துச் சென்றால், எத்தனை தகடுள்ள கருவி வேண்டும் என்பதை விற்பனையாளர் கணக்கிட்டுச் சொல்வார்.