மழை விட்டும் தூவானம் விடவில்லை

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு. மூணாறுக்கு மேலே ராஜமலைப் பகுதியில் உள்ள பெட்டிமுடியில், பகலெல்லாம் மழையில் நனைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் லயங்களில் படுத்திருந்தன. மணி பதினொன்று ஆவதற்குச் சற்று முன்னால் மலை சரிந்தது. நான்கு லயங்கள் இருந்த இடத்தில் பாறையும் சேறுமே மிஞ்சின. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே தெரிந்தது.

இறந்தவர்கள் 70 பேர். 66 பேருடைய உடல்கள் கிடைத்தன. நான்கு பேருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம். பிழைத்த குடும்பங்களுக்குப் பிறகு குட்டியார்வேலியில் வீடுகள் கட்டித் தரப்பட்டன.

வீடு கிடைத்தது சரி, தூக்கம் கிடைத்ததா? இதுபோன்ற பேரிடரில் தப்பியவர்களுக்கு, ஆண்டுகள் பல கழிந்தும், ஆடி மாதம் பிறந்து தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது இவர்களுக்கே பொருந்தும்.

மனத்திலும் காயம் படும்

கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். மனம் முறிந்தால் மட்டும் "தைரியமாக இரு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். இது எவ்வளவு தவறு என்பதை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்கள் ஆண்டுக்கணக்கில் இரவில் அலறி எழுந்தார்கள். அது கோழைத்தனம் அல்ல, அதிர்ச்சி விட்டுச்சென்ற நோய் என்று 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

தொழிற்சாலைச் சங்கு ஊத வேண்டிய நேரத்தில் ஊதி ஓய்ந்துவிட வேண்டும். அது பழுதாகி, இலை அசைந்தாலும் ஊதினால் எப்படி இருக்கும்? பெரும் அதிர்ச்சிக்குப் பின் மூளையில் உள்ள அபாயச் சங்கு அப்படித்தான் ஆகிவிடுகிறது. ஆபத்து கடந்துபோனது அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. எனவேதான் கெட்ட கனவு, திடுக்கிடல், காரணமில்லாத கோபம், அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல், எதிலும் பிடிப்பில்லாத மரத்துப்போன நிலை எல்லாம் வருகின்றன. உறக்கத்துக்காக மதுவைத் தேடுபவர்களும் உண்டு. அது காயத்தை ஆற்றாது, அதன் மேல் இன்னொரு நோயை ஏற்றிவைக்கும்.

முதல் சில வாரங்களில் இவை வருவது இயல்பே. பெரும்பாலோருக்குத் தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் கழிந்தும் தணியாமல், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடைஞ்சலாக இருந்தால் உதவி தேட வேண்டும்.

மலைச்சரிவு ஒன்றால்தான் இப்படி ஆகும் என்பதில்லை. காட்டு யானை துரத்தியது, சாலை விபத்து, வீட்டில் நாள்தோறும் நடக்கும் அடிதடி, சிறு வயதில் யாரோ செய்த அத்துமீறல் ஆகியவையும் இதே காயத்தைத் தரலாம். வாளையாற்றிலிருந்து கோவிந்தாபுரம் வரையிலும், போடிமெட்டிலிருந்து குமுளி வரையிலும் உள்ள நம் மக்களுக்கு இவை புதியவை அல்ல.

பிள்ளைகளைக் கவனியுங்கள்

வளர்ந்தவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் முகத்தில் தெரியும். பிள்ளைகளிடம் அது வேறு வேடத்தில் வரும். சின்னஞ்சிறுசுகள் மறுபடி படுக்கையை நனைக்கும், தாயின் முந்தானையை விடாது. பதிமூன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகளோ சட்டென்று பேச்சைக் குறைத்துவிடுவார்கள். மதிப்பெண் சரியும், பள்ளிக்குப் போக மறுப்பார்கள், எடுத்ததற்கெல்லாம் எரிந்துவிழுவார்கள். "திமிர் பிடித்துவிட்டது" என்று நாம் கையை ஓங்குகிறோம். அடி வாங்க வேண்டிய குற்றம் அல்ல அது, ஆறுதல் தேடும் காயம். "உனக்கு என்ன கேடு?" என்று கேட்பதை விட்டு, "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்கப் பழகுவதே இந்தக் காலத்து ஆலோசனை முறையின் அடிப்படை.

தோண்டித் துருவாதீர்கள்

துக்க வீட்டுக்குப் போனவர்கள், "எப்படி நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்று கேட்பது நம் வழக்கம். அன்பால் கேட்பதுதான், ஆனால் காயத்தைக் கிளறும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு என்ன தேவை என்று பாருங்கள், அவராகச் சொன்னால் காது கொடுங்கள், உணவு, உடை, உறவினர், மருத்துவர் என்று தேவையானவற்றோடு அவரைச் சேர்த்துவையுங்கள். கட்டாயப்படுத்திப் பேசவைக்கக் கூடாது.

நல்ல ஆலோசகரும் இவ்வாறே செய்வார். முதலில், "இங்கே எனக்கு ஆபத்து இல்லை" என்ற நம்பிக்கையை வரவழைப்பார். மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெல்ல விடவும், பயம் தலைக்கேறும்போது கண்ணில் படும் ஐந்து பொருள்களை எண்ணி மனத்தை இந்த நிமிடத்துக்குக் கொண்டுவரவும் சொல்லித் தருவார். அதன் பிறகே, நோயாளி தயாரானால், நடந்ததைச் சிறிது சிறிதாகப் பேசவைப்பார். கடைசியில் வேலை, உறவு, ஊர் என்று வாழ்க்கையோடு மறுபடி பிணைப்பார். உறக்கம், உணவு, உடல் நோய், குடும்பச் சண்டை, வழிபாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் இதை முழுமையான சிகிச்சை என்கிறார்கள். தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார்.

உடல் கிடைக்காத சாவு

பெட்டிமுடியில் உடல் கிடைக்காதவர்களுடைய குடும்பங்களின் துயரம் தனி. உடலைப் பார்த்து, குளிப்பாட்டி, கோடி போட்டு அனுப்பிவைத்தால்தான் மனம் ஒருவாறு அடங்கும். அது இல்லாதபோது, "எங்காவது இருப்பானோ" என்ற எண்ணம் ஆண்டுகள் கழிந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு நம் சடங்குகளே பெரிய மருந்து. ஒரு படத்தை வைத்து விளக்கேற்றி, ஊர் கூடி ஒரு நாளைக் குறித்துக்கொள்வது மூடநம்பிக்கை அல்ல. துயரத்துக்கு ஓர் இடம் கொடுப்பது அது.

2004இல் இரண்டு பெருந்துயரங்களைத் தமிழகம் கண்டது. ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. சுனாமிக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாக ஆறுதல் சொல்ல அனுப்பியது. நிபுணர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஊரறிந்த ஒருவர் ஊர்ப் பேச்சில் பேசினால் மனம் சீக்கிரம் திறக்கும் என்பது அதில் கிடைத்த பாடம்.

தமிழில் கேளுங்கள்

நமக்கு இங்கே முக்கியமான விஷயம் இதுவே. சந்தையில், அலுவலகத்தில், பஸ்ஸில் நாம் மலையாளத்தில் சமாளித்துக்கொள்கிறோம். ஆனால் அழுகை தாய்மொழியில்தான் வரும். "வயிற்றைப் பிசைகிறது", "நெஞ்சு அடைக்கிறது" என்பதை வேறு மொழியில் எப்படிச் சொல்வது? பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுகிறோம். ஆகவே மருத்துவமனையிலும் பள்ளியிலும் தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தோட்டத் தொழிற்சங்கங்களும் தமிழ் வழிப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களும் கூலி உயர்வையும் கட்டடத்தையும் கேட்பதுபோல் இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கே போவது?

கேரளத்தில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் உள்ளன. அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரித்தால் அவர்கள் வரும் நாளைச் சொல்வார்கள். வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" சேவை இது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். கேரள அரசின் "திசா" சேவைக்கு 1056. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால் அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்து, உடனே இந்த எண்களில் பேசவோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவோ வேண்டும்.

"ஆபீஸில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?" என்று குமாஸ்தாக்கள் அஞ்சுவதுண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. மிகச் சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவர் கடமை.

இந்த ஆண்டும் மழை வரும். மலை மேல் இருப்பவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். அந்த இரவுகளில் பக்கத்து வீட்டில் விளக்கு அணையாமல் எரிந்தால், கதவைத் தட்டி, "தூங்கலையா அண்ணாச்சி? ஒரு வாய் காப்பி குடிப்போமா?" என்று கேளுங்கள். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை. கூட உட்கார்ந்திருங்கள். பலருக்குச் சிகிச்சை அந்தத் திண்ணையிலிருந்துதான் தொடங்கும்.