முதல் மழையும் தவளைச் சத்தமும்



புரட்டாதி கடைசியில் ஒரு நாள் பின்னேரம் இடி இடித்து மழை கொட்டும். அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், வயல் பக்கத்திலிருந்து ஒரு தவளை கத்துவது கேட்கும். பிறகு இன்னொன்று சேர்ந்துகொள்ளும். சற்று நேரத்தில் ஊரே அதிரும். பல மாதங்களாக வெடித்துக் கிடந்த மண்ணில் இவை எங்கே இருந்தன? இச்சத்தம் கமக்காரனுக்கு எதைச் சொல்கிறது? எதைச் சொல்லவில்லை? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பொழுதுபோக்குக்கான கேள்வி அன்று. இதன் விடையைப் பிழையாக விளங்கிக்கொண்டதால் எங்கள் குடும்பம் ஒரு முறை விதை நெல்லையே இழந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் எல்லோரும் வீடு வாசலை விட்டு வெளியேறியபோது நாங்களும் வெளியேறினோம். அடுத்த ஆண்டு வன்னிக்குச் சென்று, மல்லாவிப் பக்கத்தில் ஒரு குளத்தருகே கொட்டில் போட்டுக் குடியிருந்தோம். என் தகப்பனார் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். கிணற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்தவருக்கு, மழையை நம்பிச் செய்யும் வன்னி வயல் புதிது. இருந்தாலும் குத்தகைக்கு ஒரு துண்டு வயல் எடுத்தார். கடன்பட்டு விதை நெல் வாங்கினார்.

புரட்டாதியில் இரண்டு இரவு மழை பெய்தது. குளத்தடியில் தவளைகள் கத்தின. “காலபோக மழை தொடங்கிவிட்டது” என்று சொல்லி அப்பா விதைத்தார். நெல் முளைத்தது. அதன்பின் மூன்று கிழமைகளாக ஒரு துளி மழையும் இல்லை. முளைத்த பயிர் எங்கள் கண் முன்னாலேயே கருகியது.

அடுத்த வளவிலிருந்த பெரியவர் ஒருவர் அப்பாவிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “தம்பி, நீர் கேட்டது குளத்துத் தவளை. அது ஒரு தூறலுக்கும் கத்தும். மண்ணுக்குள்ள கிடக்கிறது எழும்பிக் கத்தவேணும். அதுக்குப் பிறகும் மண்ணை வெட்டிப் பார்த்துத்தான் விதைக்கவேணும்.”

அப்போது நான் சிறுவன். குருமடத்தில் படித்த காலத்திலும் பின்னர் கிராமங்களில் பணி செய்யத் தொடங்கிய பின்னரும் இதைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன். அந்தப் பெரியவர் சொன்னது சரியான அறிவு என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

கத்துவது யார்? எதற்காக?

பொதுவாகக் கத்துவது ஆண் தவளையே. பெண் தவளையை அழைப்பதற்காகவும், தன் இடத்துக்கு மற்ற ஆண் தவளைகள் வராமல் தடுப்பதற்காகவும் அது கத்துகிறது. கத்தும்போது அதன் வாய் மூடியே இருக்கும். நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையை அதிரச் செய்து, தொண்டையின் கீழுள்ள தோற்பையை ஊதவைக்கிறது. அந்தப் பை சத்தத்தைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. அதனால்தான் பெருவிரல் நுனியளவான சிறு தவளையின் சத்தமும் அடுத்த வயல் வரை கேட்கிறது.

ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குரல் உண்டு. பெண் தவளை தன் இனத்தின் குரலைத் தெரிந்துகொண்டே வருகிறது. இலங்கையில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவை பெரும்பாலும் தென்மேற்கின் ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வாழ்கின்றன. எமது வரண்ட வலயத்தில் வாழும் இனங்கள் குறைவு. ஆகையால் அவற்றின் குரல்களைக் காதால் பிரித்தறிந்துகொள்வது எமக்குக் கடினமன்று.

குளத்துத் தவளையும் மண் தவளையும்

விவசாயியின் தேவைக்காக இவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது கூட்டம், தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாதவை. குளம், கேணி, வாய்க்கால் என்று எங்கே தண்ணீர் வற்றாமல் நிற்கிறதோ அங்கே இவை ஆண்டு முழுவதும் இருக்கும். கரையில் காலடிச் சத்தம் கேட்டால் தண்ணீரின் மேல் தத்தித் தத்தி ஓடும் சிறு தவளையும், தாமரை இலைகளுக்கிடையே மிதக்கும் பெரிய பச்சைத் தவளையும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு சிறு மழைக்கும் இவை கத்தும். சில வேளைகளில் மழை இல்லாமலும் கத்தும்.

இரண்டாவது கூட்டம், வரட்சிக் காலத்தை மண்ணுக்குள் கழிப்பவை. இவற்றின் பின்னங்காலில் மண்வெட்டி போன்ற ஒரு தடித்த மேடு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளிக்கொண்டு பின்புறமாகவே இவை நிலத்துக்குள் இறங்கிவிடும். உருண்டை உடலும் குட்டைக் கால்களும் கொண்ட, பலூன் போல ஊதும் தவளை இவ்வகையைச் சேர்ந்தது. கறையானும் எறும்புமே இதற்கு முக்கிய உணவு. பெருமழை பெய்து ஈரம் ஆழமாக இறங்கி, பள்ளங்களில் தண்ணீர் தேங்கிய பின்னரே இவை வெளியே வருகின்றன. ஒரு சில இரவுகளுக்குள் கூடிக் கத்தி முட்டையிட்டுவிட்டு மறைந்துவிடுகின்றன. இவற்றின் குரல் பெரும்பாலும் கனத்ததாகவும் இழுத்ததாகவும் இருக்கும்.

நுணல் என்னும் தவளை மணலுக்குள் மறைந்து கிடந்தாலும் தன் வாயாலேயே அகப்பட்டுக்கொள்ளும் என்பது நாமறிந்த பழமொழி. மண்ணுக்குள் வாழும் தவளையை எம் முன்னோர் எவ்வளவு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

மழைக்கு முன்னா, பின்னா?

“தவளை கத்தினால் மழை வரும்” என்று சொல்வார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலாலேயே உறிஞ்சுகிறது. ஆகவே காற்றில் ஈரம் கூடும்போது அது சுறுசுறுப்படைகிறது. மரத்திலும் கூரைத் தாழ்வாரத்திலும் ஒட்டியிருக்கும் மரத்தவளை மழைக்குச் சற்று முன்னரே சத்தம் கொடுப்பதுண்டு.

ஆனால் இது சொல்வது அந்தச் சில மணி நேரத்தைப் பற்றி மட்டுமே. அடுத்த கிழமை மழை வருமா, காலபோகம் முழுவதும் மழை நன்றாக இருக்குமா என்பது தவளைக்குத் தெரியாது. மண் தவளையின் சத்தமும் வருங்காலத்தைச் சொல்வதில்லை. நடந்து முடிந்ததையே அது சொல்கிறது: பெருமழை பெய்தது, பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. விதைக்க நினைப்பவருக்கு இது பெறுமதியான செய்திதான். ஆனாலும் இது மட்டும் போதாது. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் எமது பகுதிக்கு வருவது பெரும்பாலும் இடி மழை. ஓர் ஊரில் கொட்டும். அடுத்த ஊரில் தூறலும் இராது. இடையில் வெயிலும் வரும்.

ஆகவே சத்தம் கேட்டதும் விதைப்பெட்டியைத் தூக்காமல், பின்வருவனவற்றைச் செய்து பார்ப்பது நல்லது.

1. எந்தத் தவளை கத்துகிறது என்று கவனியுங்கள். சத்தம் குளத்தடியிலிருந்து மட்டும் வருகிறதா, வயற் பள்ளங்களிலிருந்தும் வருகிறதா?

2. அடுத்த நாட் காலை வயலில் இரண்டு மூன்று இடங்களில் மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழம் வரை மண் ஈரமாக இருக்கவேண்டும். மேல் மண் மட்டும் நனைந்திருந்தால் நெல் முளைக்கும். ஆனால் வேர் இறங்க ஈரம் இராது.

3. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ கேளுங்கள். கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் விசாரியுங்கள்.

4. விதை நெல் முழுவதையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். கடன்பட்டு வாங்கிய நெல்லாயின் ஒரு பங்கையாவது கையில் வைத்திருங்கள்.

சத்தம் கேட்பதற்காக இருட்டில் பற்றைக்குள் போகவேண்டியதில்லை. முற்றத்தில் நின்றே கேட்கலாம். தவளை கத்தும் இடத்துக்கு அதைத் தின்னப் பாம்பும் வரும். மழை இரவில் வெளியே போவதாயின் ரோர்ச் லைற்றும் காலுக்குச் செருப்பும் அவசியம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத காணிக்குள் எக்காரணம் கொண்டும் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

குளிர் நாடுகளில் குறித்து வைத்தவர்கள்

குளிர் நாடுகளில் தவளைகள் மழைக்காக அல்ல, பனிக்காலம் முடிவதற்காகக் காத்திருக்கின்றன. வட அமெரிக்காவின் காட்டுத் தவளை ஒன்று பனிக்காலத்தில் உடலின் நீர் உறைந்து, இதயத் துடிப்பும் நின்று, கல்லைப் போலக் கிடக்கும். இளவேனில் தொடங்கி வெப்பம் ஏறியதும் மீண்டும் உயிர்பெற்று எழும்பிக் கத்தும். அந்நாட்டு மக்களுக்குக் குளிர் முடிந்தது என்பதை அறிவிக்கும் முதற் குரல்களில் இதுவும் ஒன்று.

இங்கிலாந்தில் நோர்போக் என்னும் பகுதியில் றொபேட் மார்ஷம் என்ற நிலச்சொந்தக்காரர் 1736ஆம் ஆண்டு தொடக்கம், முதற் பூ பூத்த நாள், முதற் பறவை வந்த நாள் ஆகியவற்றோடு தவளையும் தேரையும் முதலில் கத்திய நாளையும் எழுதி வைத்தார். அவருக்குப் பின் அவருடைய சந்ததியினர் 1958ஆம் ஆண்டு வரை அதைத் தொடர்ந்தார்கள்.

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில், 1900 முதல் 1912 வரை தவளைகள் முதலில் கத்திய நாட்களை ஒருவர் குறித்து வைத்தார். 1990களில் எடுத்த குறிப்புகளோடு அவற்றை ஒப்பிட்டு 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நான்கு இனத் தவளைகள் முன்னரைவிடப் பத்து முதல் பதின்மூன்று நாட்கள் முந்திக் கத்தத் தொடங்கியிருந்தன. பூமி வெப்பமடைவதற்கு அது ஒரு சான்றாயிற்று. இவர்கள் செய்ததெல்லாம் காது கொடுத்துக் கேட்டு, திகதியை எழுதியது மட்டுமே.

சத்தம் இல்லாத வயல்

சத்தம் ஒரு செய்தி என்றால், சத்தம் இல்லாததும் ஒரு செய்தியே. நல்ல மழை பெய்து தண்ணீர் நின்றும் வயல் அமைதியாக இருந்தால் காரணத்தைத் தேடவேண்டும். பள்ளங்கள் மண் போட்டு நிரப்பப்பட்டிருக்கலாம். அல்லது தண்ணீரில் நஞ்சு கலந்திருக்கலாம்.

தோலால் தண்ணீரை உறிஞ்சும் உயிர் என்பதால், தண்ணீரில் உள்ள நஞ்சும் தவளையின் உடலுக்குள் எளிதில் போய்விடும். வாற்பேத்தைகளோ பல கிழமைகள் அந்தத் தண்ணீரிலேயே வாழவேண்டியவை. எமது நாட்டில் வயல்களிலும் தோட்டங்களிலும் பயன்பட்ட நான்கு பூச்சிநாசினி, களைநாசினிகளைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரத்தவளையின் வாற்பேத்தைகளில் சோதித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வாற்பேத்தைகள் இறந்ததோடு, பிழைத்தவற்றில் உடற் குறைபாடுகளும் காணப்பட்டன.

இதனால் நட்டப்படுவது தவளை மட்டுமன்று. இந்தியா ஒரு காலத்தில் பெருந்தொகையான தவளைக் கால்களை வெளிநாடுகளுக்கு விற்றது. வயல்களில் தவளை குறைந்து பூச்சி பெருகுகிறது என்ற கவலை எழுந்தது. 1987இல் அரசாங்கம் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இரவில் எமது வயலில் கூலியில்லாமல் பூச்சி பிடிக்கும் வேலையாளை நாமே மருந்தடித்துக் கொன்றுவிட்டு, அதே பூச்சிக்காக மேலும் மருந்து வாங்குகிறோம். உலகிலுள்ள ஈரூடகவாழி இனங்களில் நூற்றுக்கு 41 பங்கு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023இல் வெளியான கணிப்புக் கூறுகிறது.

ஒரு கொப்பி எழுதுவோம்

மேகத்தையும் காற்றையும் பார்த்து மழையையும் வெயிலையும் அறிந்துகொள்ளும் மக்களைப் பற்றி இயேசு பேசுவதை லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாட்டுப்புற மக்களின் இந்த அறிவை அவர் நன்கு தெரிந்திருந்தார். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் தாம் வாழும் காலத்தையும் ஆராய்ந்தறிய வேண்டும் என்பதே அவர் விடுத்த அழைப்பு.

இடம்பெயர்வில் நாம் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது வீடு, கிணறு, மாடு, மரம் என்று எழுதுகிறோம். எந்தப் பள்ளத்தில் முதலில் தண்ணீர் நிற்கும், எந்தச் சத்தத்துக்குப் பிறகு விதைக்கலாம் என்ற அறிவையும் இழந்தோம் என்பதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. அந்த அறிவு ஊரோடு ஒட்டியது. வலிகாமத்தில் கற்றது மல்லாவியில் உதவவில்லை. பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களுக்கும், பற்றை மண்டி வாய்க்கால் தூர்ந்த நிலம் புது நிலம் போலவே இருக்கிறது. இன்னும் திரும்ப முடியாதவர்கள் இருக்கும் இடத்தையே கற்றுக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறார்கள்.

ஆகவே இந்தக் காலபோகத்திலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வைப்போம். முதல் மழை பெய்த நாள், குளத்துத் தவளை கத்திய நாள், வயற் பள்ளத்தில் தவளை கத்திய நாள், மண் எவ்வளவு ஆழம் நனைந்தது, விதைத்த நாள், முளைத்த நாள், மருந்தடித்த நாள் ஆகியவற்றை எழுதுவோம். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதட்டும். கேட்கத் தெரிந்த பாட்டனோ பாட்டியோ சொல்லட்டும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் போய்க் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். எங்கள் அப்பா விதைத்த பிறகு கேட்டதை நீங்கள் விதைப்பதற்கு முன் கேளுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் கொப்பி உங்கள் வயலுக்கென்றே எழுதிய பஞ்சாங்கமாகிவிடும். மீண்டும் ஊர் மாற நேரக்கூடாது என்பதே எமது மன்றாட்டு. நேர்ந்தால், காணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கொப்பியைக் கொண்டு போகலாம். கேட்கப் பழகிய காதும் கூடவே வரும்.