புற்றுநோய்க்கு எதிராக வைரஸும் கதிர்வீச்சும்

வைரஸ் என்றால் நோய், கதிர்வீச்சு என்றால் ஆபத்து. மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணுகின்றனர். இந்த இரண்டையும் சேர்த்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் முறை ஒன்று 2003-ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு அறிவியலில் ஜீன் சிகிச்சை ஓர் அலகிலும் புற்றுநோய் வேறோர் அலகிலும் வருகின்றன. இரண்டு பாடங்களையும் இணைத்துக் கற்பிக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

கதிர்வீச்சு என்ன செய்கிறது?

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே மருத்துவர்கள் அவற்றைப் புற்றுக்கட்டிகளின் மீது செலுத்திப் பார்க்கத் தொடங்கினர். ஆற்றல் மிகுந்த கதிர்கள் செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழைகளை உடைக்கின்றன. இரண்டு இழைகளும் அருகருகே உடைந்துவிட்டால் அதைச் சரிசெய்வது செல்லுக்கு மிகக் கடினம்.

அத்தகைய நேரத்தில் பி53 என்னும் புரதம் செயலில் இறங்குகிறது. முதலில் செல் பிரிதலை நிறுத்தி வைக்கிறது. பழுது நீங்கினால் செல் மீண்டும் தன் வேலையைத் தொடரலாம். நீங்காவிட்டால், அந்தச் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்படி செய்கிறது. 1979-இல் கண்டறியப்பட்ட இப்புரதத்திற்கு 'மரபுத்தொகுதியின் காவலர்' என்ற பெயரை 1992-இல் டேவிட் லேன் சூட்டினார்.

மாணவர்கள் விரும்பிக் கேட்கும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. இப்புரதத்திற்கான மரபணு நம்மிடம் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகளாக உள்ளது. யானையிடம் ஏறக்குறைய 40 பிரதிகள் உள்ளன. அவ்வளவு பெரிய உடல் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிதாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்தக் காவலரின் மரபணுவே பழுதடைந்திருக்கிறது. அத்தகைய கட்டிகளில் பல, கதிர்வீச்சுக்கு எளிதில் பணிவதில்லை. டி.என்.ஏ. உடைந்தாலும் 'நில்' என்று சொல்ல ஆளில்லாததால் செல் பிரிந்துகொண்டே போகிறது. பழுதற்ற பி53 மரபணுவைக் கட்டிக்குள் சேர்த்துவிட்டால் அதே கதிர்வீச்சு கூடுதல் பயன் தருமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது.

சுமந்து செல்ல வைரஸ் ஏன்?

வைரஸால் தனியாகப் பெருக இயலாது. தன் மரபணுவை வேறொரு செல்லுக்குள் செலுத்துவதில்தான் அதன் திறமை இருக்கிறது. சளி, காய்ச்சலை உண்டாக்கும் அடினோவைரஸை எடுத்து, அது பெருகுவதற்குத் தேவையான மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பி53 மரபணுவை வைக்கின்றனர். அது செல்லுக்குள் நுழையும், சரக்கை இறக்கும், ஆனால் பெருகாது. நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசியும் இதே வழியில் உருவானதுதான். சிம்பன்சியின் அடினோவைரஸ் ஒன்று, கொரோனாவின் கூர்முனைப் புரதத்திற்கான மரபணுவை அதில் சுமந்து வந்தது.

2003 அக்டோபரில் சீன அரசு 'ஜென்டிசின்' என்ற மருந்துக்கு அனுமதி அளித்தது. உலகில் விற்பனைக்கு அனுமதி பெற்ற முதல் ஜீன் சிகிச்சை மருந்து இதுவே. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் சேர்த்துத் தரப்படுகிறது. வாரம் ஒருமுறை கட்டிக்குள்ளேயே ஊசியாகச் செலுத்துகின்றனர். ஒரு குப்பியில் உள்ள வைரஸ் துகள்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடி! புகையிலையால் வாய், தொண்டைப் புற்றுநோய் மிகுந்துள்ள நம் நாட்டிற்கும் இத்துறை ஆய்வுகள் முக்கியமானவை.

இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. ஹெர்பிஸ் வைரஸின் நொதி ஒன்றுக்கான மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிப் புராஸ்டேட் கட்டிக்குள் செலுத்துகின்றனர். பின்னர் நோயாளி வாலாசைக்ளோவிர் மாத்திரை உட்கொள்கிறார். அந்த நொதி இருக்கும் செல்லில் மட்டும் மருந்து நஞ்சாக மாறி, புதிய டி.என்.ஏ. உருவாவதைத் தடுக்கிறது. கதிர்வீச்சால் உடைந்த டி.என்.ஏ.வைச் செல்லால் சீரமைக்க முடிவதில்லை. அமெரிக்காவில் 745 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்ட ஆய்வில், கதிர்வீச்சுடன் இம்முறையும் சேர்ந்தவர்களுக்கு நோயின்றி வாழும் காலம் கூடியதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

எல்லா மருத்துவமனைகளிலும் ஏன் இல்லை?

கட்டிக்குள் செலுத்தும் வைரஸ் அதன் எல்லாச் செல்களையும் சென்றடைவதில்லை. உடல் முழுதும் பரவிய நோயில் ஒவ்வொரு கட்டியையும் தேடி ஊசி போடவும் இயலாது. நம் நோயெதிர்ப்பு மண்டலமே அந்த வைரஸை விரைவில் அழித்துவிடும். 1999-இல் அமெரிக்காவில், கல்லீரல் நொதிக் குறைபாடு ஒன்றுக்கான ஆய்வில் அடினோவைரஸ் செலுத்தப்பட்ட 18 வயது இளைஞர், உடலின் கடும் எதிர்வினையால் உயிரிழந்தார். அதன்பின் விதிகள் கடுமையாயின. பி53 மரபணுவைச் சுமக்கும் வைரஸ் மருந்து எதுவும் அமெரிக்காவில் இதுவரை அனுமதி பெறவில்லை.

வகுப்பறையில்…

பத்து மாணவர்களை வரிசையில் அமர்த்தி, ஒரு பத்தியை ஒருவரைப் பார்த்து ஒருவர் வேகமாக எழுதச் சொல்லுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு தாளையும் சரிபார்க்க ஒரு மாணவரை நியமியுங்கள். இரண்டாம் சுற்றில் அவரை விலக்கிவிடுங்கள். பிழை ஒவ்வொரு தாளிலும் கூடிக்கொண்டே போவதை மாணவர்களே காண்பர். பி53 இல்லாத செல்லைப் புரிந்துகொள்ள இதுவே போதும். தொடக்க வகுப்புகளில் பத்திக்குப் பதிலாக ஒரு படத்தை வரையச் செய்யலாம்.

'ஒரே ஊசியில் புற்றுநோய் குணம்' என்று கைப்பேசியில் வரும் செய்திகளை மாணவர்கள் கொண்டுவரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்: எந்தப் புற்றுநோய்க்கு? எத்தனை பேரிடம் ஆய்வு செய்தனர்? எதனோடு ஒப்பிட்டனர்? இத்தகைய செய்தியை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து இயந்திரம் மூலம் கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிர் தங்காது. அவரிடமிருந்து பிறருக்குப் பரவவும் செய்யாது. புற்றுநோயும் தொற்றுநோயன்று. தன் வீட்டில் அம்மாவோ தாத்தாவோ சிகிச்சை பெற்றுவரும் குழந்தை நம் வகுப்பிலும் இருக்கக்கூடும். அக்குழந்தையின் அருகில் மற்றவர்கள் தயங்காமல் அமர, ஆசிரியர் சொல்லும் இந்த ஒரு சொல் உதவும்.