ஒரே வலையில் இரண்டு கூட்டம்: காதுக்கல்லைக் கொண்டு மீனைப் பிரிப்பது எப்படி?

நார்வேயின் வடக்கே லோஃபோட்டன் தீவுகளைச் சுற்றி, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன் குவியும். பேரன்ட்ஸ் கடலில் மேய்ந்து வளர்ந்த பெருங்கூட்டம் ஒன்று முட்டையிட அங்கே வருகிறது. அந்த மீனை நார்வேக்காரர்கள் ஸ்க்ரெய் என்கிறார்கள். கரையோரத்தையும், ஃபியோர்டு எனப்படும் குறுகிய கடல் நீட்சிகளையும் விட்டு அதிகம் விலகாத இன்னொரு காட் கூட்டமும் அதே பருவத்தில், அதே நீர்ப்பரப்பில் இருக்கிறது. இரண்டும் ஒரே இனம். ஒரே வலையில் ஏறுகின்றன. வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி இது அது என்று சொல்லிவிட முடியாது.

ஸ்க்ரெய் கூட்டம் மிகப் பெரியது. நார்வேயும் ரஷ்யாவும் கூட்டு ஆணையம் அமைத்து அதன் பிடி அளவைப் பேசி வந்திருக்கின்றன. கரையோரக் கூட்டம் சிறியது, 1990களின் பிற்பகுதியில் வெகுவாகச் சரிந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் சிறியதன் சரிவு பெரியதன் கணக்குக்குள் மறைந்துபோகும். அதனால்தான் பிரித்து எண்ண வேண்டியிருக்கிறது. அந்த வேலை மீனின் தலைக்குள் இருக்கும் ஒரு சின்னக் கல்லிலிருந்து தொடங்குகிறது.

எலும்பு மீன்களின் உட்செவியில் மூன்று இணைக் கற்கள் உண்டு. பெரும்பாலான இனங்களில் சாகிட்டா என்னும் இணைதான் பெரியது. கெண்டை, கெளுத்தி போன்றவற்றில் வேறு இணை பெரிதாக இருக்கும். கல்லில் இருப்பது அரகோனைட் வடிவிலான கால்சியம் கார்பனேட்டும் கொஞ்சம் புரதமும். எலும்பு கரைந்து மீண்டும் உருவாகும். காதுக்கல் அப்படிச் செய்வதில்லை. மரத்தின் ஆண்டு வளையம் போல, படிந்த அடுக்கு படிந்த இடத்திலேயே நிற்கும். குஞ்சாக இருந்தபோது மீன் எந்த நீரில் வளர்ந்தது என்பதற்கான தடயம் கல்லின் நடுவில் கடைசிவரை இருக்கும்.

1. மாதிரியைத் திரட்டுதல்

முதலில் தேவைப்படுவது, எந்தக் கூட்டம் என்று உறுதியாகத் தெரிந்த மீன்கள். கலப்புப் பிடியில் வந்த மீனை ஒப்பிட அவைதான் அளவுகோல். ஒவ்வொரு மீனுக்கும் பிடித்த இடம், தேதி, வலையின் வகை, நீளம், எடை, பால், சினைப் பருவம் எல்லாவற்றையும் அங்கேயே குறிக்க வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத கல்லால் பயனில்லை. ஒரு கூட்டத்தில் குட்டி மீனும் மற்றதில் பெரிய மீனுமாக எடுத்தால், கடைசியில் தெரியும் வித்தியாசம் வயதுடையதா, கூட்டத்துடையதா என்று சொல்ல முடியாமல் போகும். வயதும் அளவும் கூடியவரை ஒத்திருக்கட்டும்.

2. கல்லை எடுத்தல்

மீனைக் குப்புற வைத்து, கண்ணுக்குப் பின்னால் மண்டையின் குறுக்கே கத்தியை இறக்க வேண்டும். ஆழம் கூடினால் கல்லும் சேர்ந்து வெட்டுப்படும். மண்டை பிளந்ததும் தலையைக் கீழ்நோக்கி மடக்கினால் மூளை தெரியும். அதன் இருபுறமும் சற்றுக் கீழே, மெல்லிய சவ்வுப் பைக்குள் வெள்ளையாகக் கல் இருக்கும். இடுக்கியால் மெதுவாக எடுத்து, சவ்வையும் சளியையும் விரல்களுக்கிடையே தேய்த்து நீக்கி, நீரில் அலசி, உலர்த்தி, எண்ணிட்ட காகித உறையில் போட வேண்டும். வளர்ந்த காட் மீனின் கல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். இடக்கல் எது, வலக்கல் எது என்று குறிக்காமல் விட்டால் பின்னால் வடிவ ஒப்பீடு கெட்டுவிடும். நம் சந்தையில் இதைப் பழக நினைப்பவர் கத்தாழை மீனில் தொடங்கலாம். அதன் கல் பெரியது, கைக்கு எளிதில் அகப்படும்.

3. உடைத்து வாசித்தல்

1899இல் ஜெர்மானியரான யோஹன்னஸ் ரைபிஷ் காதுக்கல் வளையங்களைக் கொண்டு மீனின் வயதைக் கணித்தார். கூட்டத்தைப் பிரிக்கவும் அதே வளையங்கள் உதவும் என்பதை நார்வேயின் குன்னார் ரோலஃப்சன் 1933இல் காட் மீனில் காட்டினார். அவர் காட்டிய வழி இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

கல்லை அதன் மையத்தின் வழியாகக் குறுக்கே உடைத்து, உடைந்த முகத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். வேகமாக வளர்ந்த காலத்தில் படிந்த பட்டை ஒளி புகாமல் மங்கலாகவும், வளர்ச்சி குறைந்த காலத்துப் பட்டை கண்ணாடி போல ஒளி புகுவதாகவும் மாறி மாறித் தெரியும். கவனிக்க வேண்டியவை உள்ளிருந்து முதல் இரண்டு ஒளிபுகு வளையங்கள். கரையோர மீனில் முதல் வளையம் சிறியது, ஏறக்குறைய வட்டமானது. அதற்கும் இரண்டாவது வளையத்துக்கும் நடுவே இடைவெளி அகலம். பேரன்ட்ஸ் கடல் மீனில் முதல் வளையம் பெரியது, நீண்டது, உடைந்த கல்லின் வெளிவிளிம்பையே ஒத்திருக்கும், இடைவெளி குறுகல். இரு கூட்டமும் இளமையில் வளர்ந்த நீர் வேறு, அதனால் வளர்ச்சியின் போக்கும் வேறு.

எல்லாக் கல்லும் தெளிவாகப் பேசாது. அதனால் வாசிப்பவர் கூட்டத்தின் பெயரோடு தம் முடிவு உறுதியா, ஐயமா என்பதையும் எழுத வேண்டும். நேர்மையான பதிவுக்கு அந்த இரண்டாவது குறிப்பு இன்றியமையாதது.

4. வடிவத்தை அளத்தல்

உடைக்கும் முன்பே முழுக் கல்லைப் படம் எடுத்து வைப்பது நல்லது. கருப்புப் பின்னணியில், எல்லாவற்றிலும் ஒரே பக்கத்துக் கல்லை, ஒரே திசையில் வைத்து எடுக்க வேண்டும். கணினி அதன் விளிம்புக் கோட்டைப் பிரித்து, ஃபூரியர் முறையில் எண்களாக மாற்றும். மீன் பெரிதாகும்போது கல்லின் வடிவமும் மாறும் என்பதால், நீளத்தின் தாக்கத்தைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். பிறகு வேறுபாட்டுப் பகுப்பாய்வு செய்து, ஒவ்வொரு மீனும் எந்தக் கூட்டத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். செலவு குறைந்த வழி இது. ஆனால் இரண்டு கூட்டங்களும் ஒத்த சூழலில் வளர்ந்திருந்தால் பிரிவு மங்கிவிடும்.

5. வேதியியலைக் கேட்டல்

நீரின் வெப்பமும் உப்பும் அதில் கரைந்துள்ள தனிமங்களும் கல்லில் தடம் விட்டுச் செல்கின்றன. கல்லைப் பிசினில் பதித்து, வைர வாளால் மெல்லிய வில்லையாக அறுத்து, மையம் தெரியும் வரை மெருகேற்றுவார்கள். பிறகு லேசரால் சுரண்டிய துகளை நிறைமானியில் செலுத்தி ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்றவற்றின் அளவைக் காண்பார்கள். உலோக இடுக்கி பட்டால் கூட மாசு சேரலாம் என்பதால் பிளாஸ்டிக் கருவிகளையும் மிகத் தூய நீரையும் பயன்படுத்துவார்கள்.

கல்லின் வேதியியல் பிறப்பிடத்தைக் காட்டும் என்பதற்கு அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை நல்ல சான்று. மத்தியதரைக் கடலில் பிறந்த மீனுக்கும் மெக்சிகோ வளைகுடாவில் பிறந்த மீனுக்கும் கல்லின் மையத்தில் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் வேறு. ஆவியாதல் மிகுந்த மத்தியதரைக் கடலின் நீரில் கனமான ஆக்சிஜன் கூடுதல். இரண்டு கூட்டமும் அட்லாண்டிக்கின் நடுவே கலந்து மேய்கின்றன என்பதும், முட்டையிடப் பிறந்த கடலுக்கே திரும்புகின்றன என்பதும் இந்த வழியில் வெளிப்பட்டன. நிர்வாகத்துக்காக வரைபடத்தில் 45 பாகை மேற்கில் இழுத்த கோட்டை மீன்கள் மதிப்பதில்லை.

6. முடிவைச் சோதித்தல்

ஒரே கல்லை இருவர் தனித்தனியே, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் வாசிக்க வேண்டும். புள்ளியியல் மாதிரியிலிருந்து ஒவ்வொரு மீனாக நீக்கி, மீதியைக் கொண்டு அதைச் சரியாக அடையாளம் காண முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, வேறொரு சாட்சி வேண்டும். காட் மீனில் அந்தச் சாட்சி மரபணு. ‘பான் ஒன்று’ என்ற மரபணு இடத்தில் இரு கூட்டங்களும் வெவ்வேறு வடிவை மிகுதியாகக் கொண்டிருக்கின்றன. இந்த மரபணுச் சான்றோடு கல் வாசிப்பு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத மீன்களைத் தூக்கி எறியாமல் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்தான் முறை மேம்படும்.

7. கணக்கில் சேர்த்தல்

பிரித்ததோடு வேலை முடியாது. ஒவ்வொரு பகுதியிலும் பருவத்திலும் எத்தனை பங்கு எந்தக் கூட்டம் என்ற விகிதத்தை மொத்தப் பிடியோடு பெருக்கினால்தான் ஒவ்வொன்றும் எவ்வளவு இழந்தது என்று தெரியும். 62 பாகை வடக்குக்கு மேலுள்ள கரையோரக் காட் மீனுக்குத் தனி மதிப்பீடும், அதைக் காக்கத் தனிக் கட்டுப்பாடுகளும் இந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன. கல் வாசிப்பில் ஒரு பகுதியை விட்டுவிட்டால், அந்தப் பகுதியின் ஃபியோர்டு மீன்கள் பெருங்கூட்டத்தின் பெயரிலேயே பிடிபட்டுக்கொண்டிருக்கும். மீன்வளத் துறைகள் ஆட்குறைப்பை யோசிக்கும்போது, கைநிறைய உறைகளோடு நுண்ணோக்கிமுன் அமர்ந்திருக்கும் வாசிப்பாளரைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். சிறிய கூட்டங்கள் கணக்கில் வருவது அவர் கண்ணால்தான்.