குனிந்த முதுகுக்கு ஒரு மழையுடை

மழையில் வேலை செய்யும் உழவருக்கு உடை வடிவமைப்பவர் இரண்டு ஈரங்களுக்கு விடை கண்டாக வேண்டும்: ஒன்று வானத்திலிருந்து இறங்குவது, மற்றொன்று உடலிலிருந்து வெளியேறுவது. கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்திற்கு ஒரு லிட்டர் வியர்வைகூடச் சுரக்கும் என்பதால், மழையை முற்றிலும் தடுக்கும் உடை வியர்வையை உள்ளே அடைத்துவிடுகிறது. மலிவான பிளாஸ்டிக் மழைச்சட்டையை அணிந்து மண்வெட்டி பிடித்தவர் சற்று நேரத்தில் அதைக் கழற்றி வரப்பில் போட்டுவிடுவதற்குக் காரணம் இதுவேயன்றி அலட்சியம் அன்று.

கிளாஸ்கோவின் வேதியியலர் சார்லஸ் மாக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதை இரு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் காப்புரிமை பெற்றார். அத்துணி குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, ஊசித்துளைகளில் கசிந்தது. ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் வல்கனைசேஷன் முறை 1840களில் பரவியபின் முதலிரு குறைகள் நீங்கின. மூன்றாவதற்காக இன்றும் தையலின்மேல் உட்புறமாக நாடா ஒட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு மாறாக, பிரிட்டனின் பண்ணைகளில் நிலைத்த மெழுகிட்ட பருத்தித் துணியில், மெழுகு தேய்ந்தால் மறுபடி பூசவும், கிழிந்த இடத்தில் ஒட்டுப்போடவும் உரியவராலேயே இயலும்; உழவர் நோக்கில் இதுவே பெரிய தகுதி எனலாம்.

எனினும் துணியைவிட வெட்டே முதன்மையானது. தையற்கடையில் நிமிர்ந்து நிற்கும் உடலுக்கு அளவெடுக்கிறார்கள்; வயலிலோ உடல் பெரும்பாலும் குனிந்தே இருக்கிறது. குனியும்போது சட்டையின் பின்பகுதி மேலேறி இடுப்பு நனைகிறது, கையை உயர்த்தினால் நீர் முழங்கை வரை ஓடுகிறது, உட்கார்ந்தால் கவட்டுத் தையல் பிரிகிறது. ஆகவே பின்விளிம்பை முன்விளிம்பைவிட நீளமாக வைத்து, தோளருகே விரிந்து கொடுக்கும் மடிப்பு இட்டு, கைமுனைக்குள் இறுக்கமான இன்னொரு கைமுனை சேர்த்து, நான்கு தையல்கள் ஓரிடத்தில் சந்திக்கும் கவட்டில் சாய்சதுரத் துண்டொன்றைப் பொருத்தி இழுவிசையைப் பரப்புகின்றனர்.

இந்தத் தெளிவை எந்த ஆலையும் தரவில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மௌசின்ராம் அடங்கிய காசி மலைகளில், மூங்கில் பின்னலுக்கு நடுவே இலைகளை அடுக்கிச் செய்யும் ‘க்னுப்’ தலையிலிருந்து முதுகு வழியே இடுப்புக்குக் கீழ் வரை இறங்குகிறது. முன்பக்கம் திறந்திருப்பதால் காற்று உலவுகிறது, இரு கைகளும் வேலைக்கு விடுபடுகின்றன. சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நம் பெண்கள் நாற்று நடும் கொங்காணியும் அதே தர்க்கத்தில் அமைந்ததுதான். நிமிர்ந்து நடந்தால் மார்பு நனையும். ஆனால் அது நடப்பதற்கான உடை அன்று.

உழைப்புடையின் உறுதி, கிழியும் புள்ளிகளை முன்னறிவதில் இருக்கிறது. நெவாடாவின் ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ், தொழிலாளரின் கால்சட்டைகளில் பையின் மூலைகளே முதலில் பிய்வதைக் கண்டு அங்கே செம்பு ரிவெட் அடித்தார். லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்பையின் ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறியதால் 1937இல் அவை துணிக்குள் மறைக்கப்பட்டன. இன்று பல இடங்களில் அந்த வேலையைப் ‘பார்டாக்’ எனப்படும் நெருக்கமான குறுக்குத் தையல் செய்துவிடுகிறது.

இயந்திரம் வயலுக்குள் வந்தபின் உடைக்கு இன்னொரு கடமையும் சேர்ந்தது. டிராக்டரின் பின்புறத்தில் கருவிகளுக்கு விசை கடத்தும் பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்திற்கு 540 முறை, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுழல்வதால், தொங்கும் நாடா ஒன்று அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இராது. எனவே நல்ல வடிவமைப்பாளர் இடுப்பு நாடாவைத் தவிர்த்து அழுத்துப் பித்தான்களை மடிப்புக்குள் மறைத்து வைப்பதோடு, தலைமூடியையும் சட்டையோடு சேர்த்துத் தைக்காமல், பிடித்து இழுத்தால் உடனே கழன்று போகும்படி அதே பித்தான்களால் பொருத்துகிறார்.